அம்மாவோட டைரியில ரெண்டு ஜூன் 10

போன மே மாசம் ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. "நம்ம வீட்டுலருந்து அக்கா வீடு எவ்வளவு தூரம்டா?" அக்கா இருக்கிறது நியூயார்க், நாங்க இருக்கிறது சிங்கப்பூர். இது என்ன பெரிய கேள்வின்னு போனை எடுத்து ரெண்டு ஊர் பேரையும் போட்டுத் தேடினேன், தூரம் சொல்ற ஒரு தளம் வந்துச்சு, 15,340 கிலோமீட்டர், விமானப் பயண நேரம் 17 மணி 32 நிமிஷம்னு பளிச்சுன்னு போட்டிருந்தான். அம்மா அதைக் கேட்டுட்டு உள்ளே போய் டிக்கெட் பிரிண்ட் அவுட்டை எடுத்துட்டு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்துட்டு, "இதுல பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல போட்டிருக்கே, மிச்ச ஒரு மணி நேரம் எங்கடா போச்சு?"ன்னாங்க.

எனக்கு உடனே பதில் சொல்ல வரல. காத்து, டிராஃபிக் எல்லாம் இருக்கும்மான்னு ஏதோ சொல்லிட்டேன், ஆனா அம்மா முகத்துல அது போதலைன்னு தெரிஞ்சுது. அவங்களுக்கு 68 வயசு, முதல் தடவையா தனியா போறாங்க, அதுவும் நடுவுல எங்கயும் இறங்காம ஒரே மூச்சுல. கால் வீங்குமா, எப்ப தூங்கணும், இறங்கும்போது என்ன நேரம், என்ன கிழமை, அக்கா எத்தனை மணிக்கு ஏர்போர்ட்டுக்கு வரணும், இதெல்லாம்தான் அந்தக் கேள்விக்குள்ள இருந்துச்சு. அதுக்கப்புறம் ரெண்டு மூணு வாரம் நான் இதையே படிச்சுக்கிட்டு இருந்தேன், படிச்சதை தினம் அம்மாகிட்ட சொல்லுவேன், அவங்களும் விடாம கேள்வி கேப்பாங்க. அதையெல்லாம் ஒரே இடத்துல எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன்.

முதல்ல தூரம். அந்த 15,340 சரியான நம்பர்தான், அதுல ஒரு குறையும் இல்ல. பூமி மேல ரெண்டு இடத்துக்கு நடுவுல இருக்கிற ஆகக் குறைஞ்ச தூரம் அது, பெருவட்டப் பாதைன்னு சொல்லுவாங்க, ரெண்டு ஊரோட அட்சரேகை தீர்க்கரேகை தெரிஞ்சா கணக்குப் போட்டு எடுத்துடலாம். ஆனா அம்மாகிட்ட போய் சைன் காஸ்னு சொன்னா என்ன பிரயோஜனம், அதனால பொண்ணோட டேபிள் மேல இருந்த குளோபை எடுத்துட்டு வந்தேன், அம்மா தன்னோட தையல் டப்பாவுலருந்து வெள்ளை நூல்கண்டை எடுத்துக் கொடுத்தாங்க. நூலோட ஒரு முனையை சிங்கப்பூர்ல பொண்ணு விரலை வச்சு அழுத்திக்கிட்டா, இன்னொரு முனையை நான் நியூயார்க்ல பிடிச்சேன். முதல்ல நாங்க எல்லாரும் நினைக்கிற மாதிரி பசிபிக் கடல் பக்கமா படுக்கையா வச்சுப் பார்த்தோம், நூல் தொளதொளன்னு நின்னுச்சு. இழுத்துப் பிடிக்கப் பிடிக்க நூல் தானா மேல நகருது, ஜப்பானைத் தாண்டி, சைபீரியாவைத் தாண்டி, வழுக்கிக்கிட்டே போய், கடைசியில குளோப் உச்சியில இருக்குமே ஒரு திருகாணி, அதுக்குப் பக்கத்துல போய் டைட்டா நின்னுடுச்சு. வட துருவம்! அம்மா கையால நூலைத் தடவிப் பார்த்துட்டு, "இது நேரா உச்சந்தலை வழியால்ல போகுது"ன்னாங்க.

அதுக்குக் காரணம் இருக்கு. சிங்கப்பூர் இருக்கிறது கிழக்கே 104 டிகிரிக்குப் பக்கம், நியூயார்க் மேற்கே 74 டிகிரிக்குப் பக்கம், கூட்டிப் பார்த்தா 178. 180 வந்தா பூமி உருண்டையில அதுக்கு நேர் எதிர்ப் பக்கத்துக் கோடு, அப்ப குறுக்கு வழி துருவத்து மேலேயே போகும். இங்க ரெண்டு டிகிரிதான் குறையுது, அதனால துருவத்துலருந்து 300 கிலோமீட்டருக்குள்ள போகுது கோடு. தாய்லாந்து பக்கம் ஏறி, சீனா, மங்கோலியா, சைபீரியா, ஆர்க்டிக் கடல், அப்புறம் அந்தப் பக்கம் கனடா வழியா இறங்கி நியூயார்க். குளோப் குறுக்களவு 30 சென்டிமீட்டர், நூலை ஸ்கேல்ல வச்சு அளந்தா 36 சென்டிமீட்டர் வந்துச்சு, கணக்குப்படியும் 36தான் வரணும், பொண்ணுக்கு அவ்வளவு சந்தோஷம். சுவத்துல மாட்டுற மேப்ல இதை நீங்க பார்க்கவே முடியாது, ஏன்னா உருண்டையைத் தட்டையாக்கும்போது மேல இருக்கிற இடமெல்லாம் இழுத்து விரிச்ச மாதிரி ஆயிடும். நிலநடுக்கோட்டுல ஒரு டிகிரி தீர்க்கரேகைன்னா 111 கிலோமீட்டர், 60 டிகிரி வடக்கே போனா அதுவே பாதியாயிடுது, துருவத்துல பூஜ்யம். மேப்ல ரெண்டும் ஒரே அகலம். வீட்டுல குழந்தை இருந்தா குளோபும் நூலும் எடுத்து ஒரு தடவை செஞ்சு பாருங்க, பத்து நிமிஷம்தான் ஆகும்.

சரி, தூரம் தெரிஞ்சுது, மணிக்கு 900 கிலோமீட்டர்னு வகுத்தா 17 மணி நேரம் சொச்சம், அதோட ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்தா 17 மணி 32 நிமிஷம். அந்தத் தளத்துல இருந்த கணக்கு இவ்வளவுதான், நான் கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தப்ப அப்படியே வந்துச்சு. எந்த ரெண்டு ஊரைக் கொடுத்தாலும் இதே வகுத்தல்தான், கிழக்கே போறியா மேற்கே போறியான்னு கூட கேக்குறதில்ல. இது எனக்கு உண்மையாவே வருத்தமா இருந்துச்சு, ஏன்னா அந்த நேரத்தை நம்பித்தான் ஒருத்தர் வயசானவங்களை ஏர்போர்ட்ல கூப்பிட வர்ற நேரத்தைப் பிளான் பண்ணுவாங்க, அக்காவே அப்படித்தான் பண்ணி வச்சிருந்தா. தூரத்துக்கு ஒரே விடை இருக்கலாம், நேரத்துக்கு அப்படி இல்ல.

வேகம்னு சொல்றதுலயே ஒரு விஷயம் இருக்கு. பெரிய விமானங்கள் ஒலியோட வேகத்துல 85 சதவீதத்துல போகும், 11 கிலோமீட்டர் உயரத்துல குளிர் மைனஸ் 56 டிகிரி, அங்க ஒலியோட வேகமே மணிக்கு 1,060 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும், அதுல 85 சதவீதம்னா 900. ஆனா இந்த 900 சுத்தியிருக்கிற காத்தை வச்சு அளக்கிற வேகம். அந்தக் காத்தே ஒரு பக்கமா ஓடிக்கிட்டு இருந்தா? ஆத்துல படகு போறதை அம்மாகிட்ட சொன்னேன், உடனே பிடிச்சுக்கிட்டாங்க, தண்ணியோட போனா சீக்கிரம், எதிர்த்துப் போனா லேட். மேல ஓடுற அந்த ஆறுதான் ஜெட் ஸ்ட்ரீம், மேற்குலருந்து கிழக்கே ஓடும், மணிக்கு 150, 200 கிலோமீட்டரெல்லாம் அங்க சாதாரணம், குளிர்காலத்துல இன்னும் பலமா இருக்கும்.

இந்தக் காத்தைக் கண்டுபிடிச்ச கதை மனசைத் தொடுற கதை. ஜப்பான்ல ஒய்ஷின்னு ஒரு வானிலை விஞ்ஞானி, வசபுரோ ஒய்ஷி, 1920கள்ல தாத்தேனோங்கிற இடத்துல பலூன் பலூனா மேல விட்டு அது போற வேகத்தைக் கீழருந்து பார்த்துப் பார்த்துக் குறிச்சு வச்சாரு, குளிர்காலத்துல மேல பயங்கரமான மேற்குக் காத்து அடிக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டாரு. உலகத்துல எல்லாரும் படிக்கணும்னு அதை 1926ல எஸ்பெராண்டோ மொழியில வெளியிட்டாரு. எல்லா நாட்டுக்கும் பொதுவா இருக்கட்டும்னு உருவாக்கின மொழி அது, ஆனா படிக்கத் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி, அவர் சொன்னது வெளியில பெருசா போய்ச் சேரவே இல்ல. இரண்டாம் உலகப் போர்ல 1944ல ஜப்பான் மேல பறந்த அமெரிக்க விமானிகள் அந்தக் காத்துல மாட்டித் திணறுனாங்க. அவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடிச்சும் உலகத்துக்குப் போய்ச் சேராமப் போச்சேன்னு நெனச்சா இப்பவும் எனக்கு ஒரு மாதிரி இருக்கு.

காத்து எவ்வளவு மாத்தும்னு தெரிஞ்சுக்க ரெண்டு உதாரணம். 2020 பிப்ரவரில லண்டன் பக்கம் ஒரு பெரிய புயல் வந்தப்ப, நியூயார்க்லருந்து லண்டன் போன ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ ஜெட் விமானம் 4 மணி 56 நிமிஷத்துல போய்ச் சேர்ந்துடுச்சு, தரையை வச்சுப் பார்த்தா மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டுன வேகம், அதுக்காக அது ஒலியை மிஞ்சிப் போகல, தூக்கிட்டுப் போனது காத்து. இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது, டெல்லி டு சான் பிரான்சிஸ்கோ. முதல்ல ஏர் இந்தியா அட்லாண்டிக் வழியாத்தான் மேற்கே போயிட்டு இருந்தாங்க, சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபர்ல அதைத் திருப்பி பசிபிக் வழியா கிழக்கே விட்டாங்க, 15,300 கிலோமீட்டர், 1,400 கிலோமீட்டர் அதிகம், ஆனா பதினாலரை மணி நேரத்துல போயிடுச்சு, முன்னாடியை விட ரெண்டு மணி நேரம் கிட்ட மிச்சம். சுத்திப் போனவன் முன்னாடி போய்ச் சேர்ந்துட்டான்! இதை அம்மாகிட்ட சொன்னப்ப அவங்க நம்பவே இல்ல, நூலை எடுத்து மறுபடி அளந்து காட்டச் சொன்னாங்க.

போகும்போது காத்து உதவுனா வரும்போது எதிர்க்கும், ரெண்டும் சரியாயிடும்லன்னு மாமா கேட்டாரு. நானும் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன், ஆனா சரியாகாது. 8,000 கிலோமீட்டர் தூரம்னு வச்சுக்குவோம், மணிக்கு 100 கிலோமீட்டர் காத்து. போகும்போது 1,000 வேகம், 8 மணி நேரம். வரும்போது 800 வேகம், 10 மணி நேரம். ஆகமொத்தம் 18. காத்தே இல்லன்னா ரெண்டு பக்கமும் சேர்த்து 17 மணி 46 நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். எதிர்காத்துல மெதுவா போறதால அந்தக் காத்துக்குள்ளேயே அதிக நேரம் கிடக்குறோம், அதனால அது பிடுங்குறது எப்பவும் அதிகம். மாமா விடல, "பூமிதான் சுத்துதே, மேற்கே போற பிளேன் சும்மா நின்னாலே ஊரு கீழ வந்து சேராதா?"ன்னு அடுத்த கேள்வி. நல்ல கேள்விதான் அது. நிலநடுக்கோட்டுல பூமி மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்துல சுத்துது, ஆனா காத்தும் பூமியோட சேர்ந்தேதான் சுத்துது, கிளம்புறதுக்கு முன்னாடியே ரன்வேயில நிக்கிற விமானமும் அதே வேகத்துல சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. ஓடுற ரயிலுக்குள்ள ஒரு பந்தை மேல தூக்கிப் போட்டா அது கையிலயே வந்து விழுமே, அந்த மாதிரி.

அப்ப அந்தத் துருவத்து வழியே ஏன் போறதில்ல? பசிபிக் பக்கம் ஜெட் ஸ்ட்ரீம் பின்னாலருந்து தள்ளும், அதனால சிங்கப்பூர்லருந்து நியூயார்க் போற விமானம் பெரும்பாலும் தைவான், ஜப்பான் பக்கம் ஏறி வட பசிபிக்கைத் தாண்டி அலாஸ்கா, கனடா வழியாத்தான் போகும், ஆயிரம் கிலோமீட்டர் கூட சுத்தினாலும் லாபம். அதோட வானத்துலயும் எல்லை இருக்கு, ஒரு நாடு வேண்டாம்னு சொல்லிட்டா அவங்க மேல பறக்க முடியாது. 2022ல ரஷ்யா வான்வெளி மூடுனப்ப ஹெல்சிங்கி டு டோக்கியோ ஒன்பதரை மணி நேரமா இருந்தது 13 மணி நேரம் ஆயிடுச்சு, ரெண்டு ஊரும் இருந்த இடத்துலயேதான் இருக்கு. துருவத்துக்கிட்ட குளிர் ஒரு பிரச்சனை, விமானத்துல ஊத்துற ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரில உறைய ஆரம்பிக்கும்னு கணக்கு, அதனால டேங்க் வெப்பநிலையைப் பார்த்துக்கிட்டே போகணும், ரொம்பக் குளிர்ந்தா கீழ இறங்கணும் இல்ல வேகத்தைக் கூட்டணும். அவசரத்துக்கு இறங்க ஏர்போர்ட் எங்க இருக்குன்னும் முன்னாடியே குறிச்சு வச்சிருக்கணும். இத்தனையையும் பார்த்து, அன்னன்னைக்கு வர்ற காத்து கணிப்பை வச்சு, தினமும் புதுசா ஒரு பாதை போடுறாங்க. நேத்து போன பாதைல இன்னைக்குப் போகும்னு இல்ல.

இப்ப அந்தத் தொலைஞ்ச ஒரு மணி நேரத்துக்கு வர்றேன். டிக்கெட்ல போடுற நேரம் பறக்குற நேரம் இல்ல. அதை பிளாக் டைம்னு சொல்றாங்க, இங்க கேட்ல நிக்கிற விமானத்தோட சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிற கட்டையை எடுக்கிறதுலருந்து அங்க போய் மறுபடி கட்டையை வைக்கிற வரைக்கும். நடுவுல பின்னால தள்ளணும், ரன்வே வரைக்கும் ஊர்ந்து போகணும், வரிசையில நிக்கணும், அந்தப் பக்கம் இறங்கி கேட் காலியாகக் காத்திருக்கணும். அதுக்கும் மேல விமானக் கம்பெனிகள் கொஞ்சம் நேரத்தைச் சேர்த்தே போடுவாங்க, லேட் ஆனாலும் சரியான நேரத்துக்கு வந்த மாதிரி இருக்கும். ஒருவகையில பயணிக்கு நல்லதுதான், கனெக்‌ஷன் தவறாது. அம்மாவுக்கு இந்த விளக்கம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு, ஒரு கட்டையை எடுத்து வைக்கிறதுதான் கணக்கான்னு ரெண்டு நாள் சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

விமானத்தைப் பத்தியும் சொல்லணும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் முதல்ல 2004ல ஏர்பஸ் ஏ340-500 வச்சு நியூயார்க் பக்கத்துல இருக்கிற நியூவார்க்குக்கு நேரா ஓட்டினாங்க, நாலு எஞ்சின், எரிபொருள் குடிச்சுத் தள்ளுச்சு, கட்டுப்படியாகல, 2013ல நிறுத்திட்டாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு 2018 அக்டோபர்ல ஏ350-900 யுஎல்ஆர்னு, ரொம்ப தூரம் நிக்காம போறதுக்குன்னே செஞ்ச ரெண்டு எஞ்சின் விமானத்தை வச்சு மறுபடி ஆரம்பிச்சாங்க. அதுல 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். எடையாப் பார்த்தா 130 டன்னுக்கு மேல, முழு விமானமே ஆகக்கூடி 280 டன்தான், அதாவது கிளம்பும்போது விமானத்துல பாதி எடை கிட்ட எரிபொருள். அந்த எரிபொருளைத் தூக்கிட்டுப் போறதுக்கே எரிபொருள் வேணும், அதனாலதான் இவ்வளவு தூரம் நிக்காம போறது இத்தனை கஷ்டம். சீட் மொத்தமே 161, எகானமியே கிடையாது. முதல்ல பாரமா இருக்கிறதால கீழயே பறக்கும், எரிய எரிய எடை குறைஞ்சதும் படி ஏறுற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா மேல போகும். அக்கா ஸ்கிரீன்ல மேப் பார்க்கச் சொல்லியிருந்தா, அம்மா அதுல உயரம் மாறுறதைக் குறிச்சுக்கிட்டே வந்திருக்காங்க.

கடைசியா நேர வித்தியாசம். சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் கோடைகாலத்துல சரியா 12 மணி நேரம் வித்தியாசம், அவங்க நவம்பர்ல கடிகாரத்தைத் திருப்பி வச்சதும் 13 ஆயிடும். அம்மா கையில அப்பா வாங்கிக் கொடுத்த சாவி கொடுக்கிற வாட்ச், தினமும் காலைல எழுந்ததும் சாவி கொடுத்துட்டுத்தான் மத்த வேலை. அதை எப்படி மாத்தணும்னு கேட்டாங்க. "மாத்தவே வேணாம்மா, முள்ளு ரெண்டும் அங்கயும் அதே இடத்துலதான் இருக்கும், இங்க ராத்திரி எட்டுன்னா அங்க காலைல எட்டு, அவ்வளவுதான்"னேன். அம்மா அந்த வாட்சையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க, ஒண்ணும் சொல்லல, அப்புறம் முந்தானையால அதோட கண்ணாடியைத் துடைச்சாங்க. இந்த மூணு வாரத்துல அவங்க பயம் குறைஞ்சது அந்த நிமிஷத்துலதான்னு எனக்குத் தோணுச்சு.

ஜூன் 10, நள்ளிரவு 12:10க்கு கதவை மூடுனாங்க. வீட்டுக்கு வந்து நானும் பொண்ணும் போன்ல விமானத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தோம், அவ தூங்கிட்டா, நான் விடியற வரைக்கும் பார்த்தேன். அந்தச் சின்ன மஞ்சள் விமானம் தைவான் பக்கம் போனப்ப அங்க விடிஞ்சுது, ஜப்பானுக்குக் கிழக்கே வேகம் 1,000த்தைத் தாண்டுச்சு, மதியம் வாக்குல அலாஸ்காவுக்குத் தெற்கே இருந்துச்சு. நியூயார்க் நேரம் காலைல 6:20க்கு கேட்டுக்கு வந்துடுச்சு, பறந்தது பதினேழரை மணி நேரம், மொத்தம் 18 மணி 10 நிமிஷம், டிக்கெட்ல போட்டதை விட சீக்கிரம், தளத்துல போட்டதை விட லேட். அக்காகிட்ட நான் முன்னாடியே சொல்லி வச்சிருந்ததால அவ ரெடியா நின்னுட்டு இருந்தா. அம்மா போன்ல முதல்ல சொன்னது, "டேய், வாட்ச் சரியா இருக்குடா, ஆறு இருபது!"

இதையெல்லாம் நான் படிச்சுக்கிட்டு இருந்தப்ப கண்ணுல பட்ட இன்னொரு விஷயத்தையும் அம்மாகிட்ட கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லியிருந்தேன். இரண்டாம் உலகப் போர் சமயத்துல, 1943லருந்து 1945 வரைக்கும், ஆஸ்திரேலியாவுல பெர்த்துக்கும் இலங்கையில காலிக்குப் பக்கத்துல இருக்கிற கொக்கல ஏரிக்கும் நடுவுல கான்டாஸ் கேட்டலினாங்கிற கடல் விமானத்தை ஓட்டினாங்க. சுமார் 5,600 கிலோமீட்டர், நிக்காம, ரேடியோவுல பேசாம, நட்சத்திரத்தைப் பார்த்து வழி பிடிச்சு, 27 மணி நேரத்துலருந்து 33 மணி நேரம் வரைக்கும் ஆகும், பயணிங்க அதிகபட்சம் மூணு பேர். ஒரே பயணத்துல ரெண்டு தடவை சூரியன் உதிக்கிறதைப் பார்ப்பாங்க, அதனால ரெட்டைச் சூரியோதயம்னு பேர் வச்சு பயணிங்களுக்கு ஒரு சான்றிதழ் கூட கொடுத்தாங்க. இன்னைக்கு அதைவிடக் கிட்டத்தட்ட மூணு மடங்கு தூரத்தை அதுல முக்கால்வாசி நேரம் கூட ஆகாம போறோம். இந்தக் கதையைக் கேட்டுட்டு, "நானும் ரெண்டு தடவை பார்ப்பேனா?"ன்னாங்க. பார்ப்பேம்மா, ஜன்னலை மூடச் சொன்னாலும் ஓரமா ஒரு இஞ்ச் திறந்து பாருன்னேன்.

அக்டோபர்ல அம்மா திரும்பி வந்தாங்க. வரும்போது நியூயார்க்லருந்து மேற்கே பசிபிக் வழியா வருவாங்கன்னு நெனச்சேன், ஆனா அன்னைக்கு விமானம் அட்லாண்டிக் வழியா, ஐரோப்பா தாண்டி, கிழக்கேயே வந்துச்சு, மறுபடியும் காத்தோடவே. பொண்ணு போகும்போது குளோப்ல டேப் போட்டு ஒட்டி வச்சிருந்த நூல் அப்படியே இருந்துச்சு, இப்ப அடுத்த நூலை எடுத்து நியூயார்க்லருந்து அட்லாண்டிக் பக்கமா ஒட்டிக்கிட்டே வந்தா, அது சிங்கப்பூர்ல வந்து முதல் நூலோட ஆரம்பத்துல முட்டுச்சு. "பாட்டி, நீ உலகத்தை ஒரு சுத்து சுத்திட்டே!"ன்னு கத்துனா.

அம்மா அப்ப தன்னோட டைரியைக் கொண்டு வந்து காட்டினாங்க. தேதிக்கு ஒரு பக்கம் அச்சடிச்ச டைரி, தினமும் விடியக்காலைல எழுந்ததும் நாலு வரி எழுதுறது அவங்க வழக்கம். ஜூன் 10 பக்கத்துல மேல, விமானத்துல விடிஞ்சப்ப எழுதினது, கீழ மேகம், ஓரத்துல சிவப்பு, பக்கத்து சீட் பொண்ணு தூங்குதுன்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் பகல் போய், ரொம்பச் சின்னதா ஒரு ராத்திரி வந்து, பசிபிக் நடுவுல போற தேதிக் கோட்டைக் கிழக்கே தாண்டுனா ஒரு நாள் குறையுங்கிறதால 9ஆம் தேதிக்குப் பின்னால போய், இறங்குறதுக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்னாடி மறுபடி விடிஞ்சிருக்கு, மறுபடி ஜூன் 10. எழுத இடம் இல்ல, பக்கத்தோட ஓரத்துல டைரியைத் திருப்பி வச்சுப் பொடி எழுத்துல எழுதியிருந்தாங்க. வரும்போது தேதிக் கோட்டுப் பக்கமே வரல, அதனால அந்த ஒரு நாளை யாரும் திருப்பி எடுத்துக்கல. நாங்க வீட்டுல இருந்தவங்க பார்த்ததை விட அம்மா ஒரு சூரியோதயம் அதிகமாப் பார்த்திருக்காங்க. அந்த ஓரத்துல எழுதியிருந்தது ஒரே வரிதான்: "மறுபடியும் விடியுது, வாட்ச் ஓடுது."